தரைப்பாலம் சட்டமன்றத்துக்குப் போன கதை

நான் சட்டமன்றத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர், அங்கேயும் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும்தானே என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். இரண்டும் இல்லை. நான் சுருக்கெழுத்து நிருபர். பேரவைத் தலைவரின் இருக்கைக்குக் கீழே, அவையின் நடுவில் ஒரு மேசை உண்டு. அதன் ஓரத்தில் உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதுவதுதான் என் வேலை. ஆளுகிறவர்கள் பேசும்போது தலை நிமிராமல் இருப்பதற்காகவே பல வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். படிப்பு முடிந்து கல்யாணம் அமைகிற வரைக்கும் பெண் வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா என்னைத் திருச்செங்கோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். தட்டச்சு முடிந்தது, கல்யாணம் அமையவில்லை. சுருக்கெழுத்தில் சேர்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லச் சொல்ல, என் கை வேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் மாப்பிள்ளைக்கு முன்னால் அரசாங்க உத்தரவு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வேலைக்குச் சேர்ந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் எனக்கு முதலில் சொல்லித் தந்தது, எதை எழுதக் கூடாது என்பதைத்தான். உறுப்பினர் தும்மினால் எழுதக் கூடாது. அழுதால் எழுதக் கூடாது. மேசையைத் தட்டினால் அடைப்புக்குறிக்குள் "மேசையைத் தட்டும் ஒலி" என்று போட வேண்டும். பலர் ஒரே நேரத்தில் கத்தினால் "குறுக்கீடு". எல்லோரும் சிரித்தால் "சிரிப்பு". மனித உணர்ச்சிகளுக்கு அவைக் குறிப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிற இடம் அவ்வளவுதான். பேரவைத் தலைவர் நீக்கச் சொன்னால், கேட்டதையும் கேட்காததாக்கிவிட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது கஷ்டமாக இருந்தது. பிறகு புகுந்த வீட்டில் இதே பழக்கம் மிகவும் உதவியது.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே திருமணிமுத்தாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது. வருடத்தில் முக்கால்வாசி நாள் சேலத்துச் சாயப்பட்டறைகளின் தயவில் நுரை தள்ளிக்கொண்டு கிடக்கும். ஐப்பசியில் ஏற்காட்டு மலையில் மழை பிடித்தால் மட்டும் அதற்குத் தான் ஓர் ஆறு என்பது ஞாபகம் வரும். ஞாபகம் வந்ததும் முதல் வேலையாக எங்கள் தரைப்பாலத்தை முழுக்கிவிடும். அப்புறம் பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் அந்தக் கரையில். நாங்கள் இந்தக் கரையில்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சட்டமன்ற நூலகத்துக்குப் போவதுண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சபையிலிருந்து அங்கே நடந்த பேச்செல்லாம் பைண்டு செய்து அடுக்கியிருக்கும். யாரும் அவற்றைத் தொடுவதில்லை. எங்கள் பக்கத்துச் சங்கதி ஏதாவது கிடைக்குமா என்று பொழுதுபோக்காகப் புரட்ட ஆரம்பித்தேன். கிடைத்தது. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்தில் ஒரு மிட்டாதார், அதாவது சின்ன ஜமீன்தார், தம் வண்டிகள் ஆற்றைக் கடக்கச் சிரமமாக இருக்கிறது என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். ஆங்கிலத்திலேயே முடியாது என்று பதில் வந்திருந்தது. சுதந்திரம் வந்து எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு, எங்கள் தொகுதிக்காரர் ஒருவர் அதே ஆற்றைப் பற்றிக் கேட்டார். இப்போது விவசாயிகளின் வண்டிகள். அதற்குப் பிறகு அடுக்குமொழிக் காலம் வந்தது. மணிமுத்தாறு என்ற பேரை வைத்துக்கொண்டு ஒருவர் மணி, முத்து இரண்டையும் ஒரு பக்கம் முழுக்க உருட்டியிருந்தார். படிக்க இனிமையாக இருந்தது. என்ன கேட்கிறார் என்பது கடைசி வரியில்தான் தெரிந்தது.

சபையின் சரித்திரம் எனக்கு இப்படித்தான் புரிந்தது. ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. மிட்டாதார் போய் வாத்தியார் வந்தார், வாத்தியார் போய் லாரி முதலாளி வந்தார். மேலவை என்று ஒன்று இருந்தது, அது இல்லாமல் போனது. எங்கள் ஊர் ஓர் அங்குலம்கூட நகராமலே சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்துக்குப் போனது. பாலம் மட்டும் எல்லா ஆட்சியிலும் பரிசீலனையில் இருந்தது. ஒருவர் கொள்கையை இன்னொருவர் ஏற்காத ராஜ்ஜியத்தில், இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்ததை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நான் சொல்ல வந்தது எங்கள் அத்தையைப் பற்றி. அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. நான்கைந்து மாடுகள், ஒரே மகன், மருமகள். அத்தைக்குப் படிப்பு இல்லை, ஆனால் குரல் உண்டு. ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரை பால் சொசைட்டிக்காரரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அவர்தான் பதில் சொல்ல முடியாமல் கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு ஐப்பசியில் அத்தையின் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. நல்ல மழை. குட்டி யானை என்கிற சின்ன லாரியில் பாயை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டு கிளம்பினார்கள். ஆற்றுக்கு வந்தால் தரைப்பாலத்தைக் காணோம். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சொன்ன நேரத்துக்கு ஒழுங்காக வந்து, அந்தக் கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. நடுவில் தண்ணீர். ஆம்புலன்சில் வந்த நர்ஸ் நல்ல பெண். இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது.

"தலை தெரியுதாம்மா?" என்று நர்ஸ் அங்கிருந்து கத்தியது.

"தெரியுதுங்க!" என்று அத்தை வண்டியின் தார்ப்பாய்க்குள்ளிருந்து கத்தினாள்.

"இழுக்காதீங்க! மெதுவாத் தாங்கிப் புடிங்க!"

"புடிச்சுட்டனுங்க!"

இப்படியே ஒரு பிரசவம் ஆற்றுக்குக் குறுக்கே நடந்து முடிந்தது. பையன் பிறந்தான். அவன் அழுத சத்தம் அந்தக் கரைக்குக் கேட்டதும், ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார் என்று சொல்வார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அத்தைக்குத்தான் கத்திக் கத்தி ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. கேட்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கட்டிய தொண்டையில், "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா என்ன பண்றது சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பார்க்க நான் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் பிள்ளை பார்க்க வந்தார். நல்ல மனிதர். முன்பு லாரி வைத்து ஓட்டியவர். காதுகுத்தோ, கல்யாணமோ, எழவோ, தொகுதியில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பார். சட்டமன்றத்தில் மட்டும் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் உறுதிமொழி எடுத்தபோது பேசியதோடு சரி. தினமும் வருவார். வெள்ளை வேட்டி கசங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தம் கட்சி தட்டும்போது தட்டுவார்.

அவர் குழந்தைக்குப் பவுடர் டப்பா கொடுத்து, காப்பி குடித்து எழுந்தபோது, அத்தை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பாலம் எப்பங்க வரும்?"

"சட்டசபையில பேசறனுங்கம்மா."

"நீங்க பேசுவீங்களா?"

அது கேள்வியா கிண்டலா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தியமாப் பேசறனுங்க. நெடுஞ்சாலைத்துறை மானியக் கோரிக்கை விவாதம் வருதுங்க, அன்னைக்கி எனக்கு நேரம் கேட்டிருக்கறன். வேணும்னா நீங்களே வந்து பாருங்க. ஊரையே கூட்டிட்டுப் போறன். நானே வண்டி வெக்கறன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

போகும்போது என்னைத் தனியாக அழைத்தார். "சாமி, நானு பேசறப்ப எங்காச்சும் தப்பு கிப்பு வந்தா, நீ கொஞ்சம் திருத்தி எழுதிப்போடு."

"நீங்க சொல்றதைத்தானுங்க நாங்க எழுத முடியும்."

"அப்ப நானு என்னத்தச் சொல்றது?" என்றார் உண்மையான கவலையோடு.

பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தது. பஸ் புறப்பட்டது. பாலத்துக்காகப் போகிற பஸ் என்றாலும், முதலில் வண்டலூர், அடுத்து மகாபலிபுரம், அப்புறம் சட்டமன்றம், சாயங்காலம் மெரினா என்று உறுப்பினரின் ஆட்கள் திட்டம் போட்டிருந்தார்கள். ஊரில் நிறையப் பேருக்குச் சட்டமன்றம் இந்த வரிசையில் எதற்கு நடுவில் வருகிறது என்பதுதான் சந்தேகம். அத்தைக்கு அந்தச் சந்தேகம் இல்லை. வண்டலூரில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

அன்று எங்கள் உறுப்பினர் பேசுகிற நேரத்தில் எழுதுகிற முறை என்னுடையது இல்லை. நாங்கள் சிறிது நேரம் எழுதுவோம், அடுத்தவர் வந்து தொடர்வார், நாங்கள் போய் எழுதியதைத் தட்டச்சு செய்வோம். அன்றைக்கு நான் ஒரு தோழியிடம் கேட்டு முறையை மாற்றி வாங்கிக்கொண்டேன். எங்கள் ஆற்றைப் பற்றிய பேச்சு என் கையால் குறிப்பில் ஏற வேண்டும் என்று ஒரு ஆசை.

மேலே பார்வையாளர் மாடத்தில் எங்கள் ஊர் வந்து உட்கார்ந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று வாசலிலேயே காவலர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அவ்வளவு அமைதியாக ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

உறுப்பினர் பெயர் அழைக்கப்பட்டது. எழுந்தார். கையில் யாரோ எழுதிக் கொடுத்த தாள். முதலில் பேரவைத் தலைவருக்கு நன்றி. அடுத்து அமைச்சருக்கு நன்றி. கட்சித் தலைவரின் பெருமை கொஞ்சம். மாவட்டச் செயலாளருக்கு நன்றி, ஒன்றியத்துக்கு நன்றி, தம்மை வெற்றிபெறச் செய்த தொகுதி மக்களுக்கு நன்றி. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெரியப்பா பெயரெல்லாம் விட்டுப்போகாமல் போடுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. அவர் தாளைப் புரட்டினார். இன்னும் நன்றிதான். மறுபடி மணி அடித்தது. "முடியுங்கள்" என்றார் பேரவைத் தலைவர். உறுப்பினர் திகைத்துப்போய்த் தாளின் அடிக்குத் தாவி, "வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்" என்று படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அடைப்புக்குறிக்குள் மேசையைத் தட்டும் ஒலியைப் போட்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏனுங்க! பாலத்தச் சொல்லாம உக்காந்துட்டீங்களே!"

ஆற்றைக் கடந்து பழகிய குரல். கோட்டைச் சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. சபை முழுக்க நிமிர்ந்து மேலே பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை. யார் என்று எனக்குத் தெரியும். கை பாட்டுக்கு அந்த வரியையும் எழுதிவிட்டது. அவள் என் அத்தை என்று தெரிந்தால் என்ன ஆகும், யார் விசாரிப்பார்கள் என்று யோசிக்கக்கூட முடியாமல் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாடத்தில் காலடிச் சத்தம். "உடுங்க சாமி, நானே வாரேன்" என்று அத்தை யாரிடமோ சொல்வது கேட்டது.

பேரவைத் தலைவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மாடத்தில் அமைதி காக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் உறுப்பினரைப் பார்த்து, "உங்களைவிட உங்கள் தொகுதி நன்றாகப் பேசுகிறதே. ஒரு நிமிடம் தருகிறேன். அந்தப் பாலத்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்" என்றார். சபை சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது.

எங்கள் உறுப்பினர் மறுபடி எழுந்தார். தாளை எடுக்கவில்லை. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, எனக்குப் பேசத் தெரியிலீங்க. எங்க ஊர் ஆத்துல தண்ணி வந்தா அந்தக் கரையில ஆம்புலன்சு நிக்குதுங்க, இந்தக் கரையில வண்டிக்குள்ள பிரசவமாகுதுங்க. இப்பச் சத்தம் போட்டாங்களே, அந்தம்மா தானுங்க பிள்ளைய எடுத்தாங்க. பாலம் வேணுமுங்க. அவ்வளவு தானுங்க."

உட்கார்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு எதிர்வரிசையில் யாரோ ஒருவர் மேசையைத் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். என் கண் கலங்கிவிட்டதால் அடைப்புக்குறி கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

என் முறை முடிந்ததும் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். அதற்குள் உத்தரவு வந்திருந்தது. மாடம் பற்றிய எதுவும் குறிப்பில் வரக் கூடாது.

"சார், அப்ப அந்தச் சத்தம்?"

"மாடம் சபையில்லம்மா. சட்டப்படி அங்க யாரும் இல்ல."

"பேரவைத் தலைவர் சொன்னது?"

"இல்லாத ஆளைப் பத்திச் சொன்னதுதான? அதுவும் இல்ல."

"சிரிப்பு?"

அவர் யோசித்தார். "சிரிச்சது உறுப்பினர்கள். அது இருக்கட்டும்."

எனவே அன்றைய குறிப்பின்படி எங்கள் உறுப்பினர் நன்றி கூறி அமர்கிறார், மேசை தட்டுகிறார்கள், காரணமே இல்லாமல் சபை சிரிக்கிறது, அவர் மறுபடி எழுகிறார். அந்த ஒரு நிமிடப் பேச்சும் கொஞ்சம் திருத்தப்பட்டது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவது எங்கள் பிரிவின் கடமை. வெள்ளக் காலங்களில் அப்பகுதித் தாய்மார்கள் மகப்பேறு மருத்துவ வசதி பெறுவதில் இடர்ப்பாடு நிலவுகிறது என்று அது அச்சானது. பேசத் தெரியவில்லை என்று அவர் சொன்னதை, அவர் மரியாதையைக் கருதி எடுத்துவிட்டோம். ஒரு உறுப்பினர் தம் வாழ்நாளில் சொந்தமாகப் பேசிய ஒரே பேச்சு அது.

அத்தையை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்திருந்தார்கள். சபை கலைகிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும், அப்புறம் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றார்கள். பயந்துகொண்டே போனேன். அத்தை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காவலுக்கு ஒரு பெண் போலீஸ். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்ணாம்.

"எங்க ஊருலயும் ஓடைக்குப் பாலம் இல்லம்மா. நாங்க யாரும் இப்டி வந்து கத்தல" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கத்தோணும் சாமி. கத்தாம எப்பிடித் தெரியும்? அவிங்களுக்கு ஆயிரம் சோலி" என்றாள் அத்தை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "உன்ற வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமா கண்ணு? நானு வேணும்னு பண்ணுல. அந்த மனுசன் உக்காந்தொடனே வாயி தானா வந்துருச்சு."

ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். நான் அவளைத் திட்டுவதாக நினைத்துத்தான் வந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சபை கலைந்து உறுப்பினர் வந்தார். கோபத்தில் மூச்சு வாங்கியது. "மானத்த வாங்கிப்போட்டீங்களேம்மா. அத்தன பேரு முன்னால. இனி நானு எப்பிடி உள்ள போயி உக்கார்றது?" என்றார். அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள். அவர், "டீ கீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் பஸ் மெரினாவுக்குப் போய்விட்டிருந்தது. நான் அத்தையை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். அவள் கடலைப் பார்த்ததில்லை. மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். நான் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலாக இருந்தேன்.

"அந்தக் கரை எங்க கண்ணு?"

"தெரியாதுங்க அத்தை. ரொம்ப தூரம்."

"செரி, அவிங்க பாடும் கஷ்டந்தான்" என்றாள்.

மறுநாள் அமைச்சர் தம் பதிலுரையில், உறுப்பினர் உருக்கமாக எடுத்துரைத்த பாலத்துக்கு அனுமதி வழங்கப்படும் என்று அறிவித்தார். அடுத்த வாரமே எங்கள் ஊர் முழுக்க பேனர். சட்டமன்றத்தில் சிங்கமென முழங்கிப் பாலம் பெற்றுத் தந்தவருக்கு நன்றி. ஒரு பேனர் அத்தையின் மாட்டுக் கொட்டகைக்கு எதிரிலேயே இருந்தது. மழை வந்ததும் அதை எடுத்துக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டாள்.

அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் கரையில் ஒரு கல்வெட்டு வந்தது. தூண்கள் எழும்பின. அந்தச் சமயத்தில் சட்டமன்றமே கோட்டையை விட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போனது. நாங்கள் மேசை, நாற்காலி, பென்சில் எல்லாம் தூக்கிக்கொண்டு போனோம். தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. நாங்கள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்கே திரும்பினோம். புதுக் கட்டடம் ஆஸ்பத்திரி ஆனது. எங்கள் உறுப்பினர் தோற்றுப்போனார். பாலம் தூண்களோடு நின்றது. அத்தை ஒரு தூணில் மாட்டைக் கட்டினாள். ஆற்றுக்குள் நல்ல நிழல் கிடைக்கிறது என்று அவளுக்குத் திருப்திதான். இன்னொரு ஐப்பசி வந்து போனபோது, தூண்களின் நடுவே தரைப்பாலம் வழக்கம்போல முழுகியது.

அப்புறம் புது உறுப்பினருக்கு என்ன தோன்றியதோ, வேலை மறுபடி தொடங்கி முடிந்தும்விட்டது. திறப்பு விழாவுக்கு நான் போயிருந்தேன். அந்தக் கரையில் இன்னொரு கல்வெட்டு. ஒரு கரையிலிருந்து பார்த்தால் ஒரு கட்சி கட்டிய பாலம், மறு கரையிலிருந்து பார்த்தால் மறு கட்சி கட்டிய பாலம். மேடையில் புது உறுப்பினர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பழைய உறுப்பினரை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்திருந்தார். வேட்டி கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில், ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அத்தை பார்த்துவிட்டாள். மேடைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள். "உக்காருங்க" என்று அவருக்குப் பின்னால் போட்டாள்.

"இருக்கட்டுமுங்கம்மா. நானு சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தன்."

"பாக்கறத உக்காந்து பாருங்க. உங்க பாலந்தானுங்க."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கி உங்கமேல கோவிச்சுக்கிட்டனுங்க. ஊட்டுக்குப் போயி ராத்திரியெல்லாம் யோசன பண்ணிப் பாத்தன். நீங்க சத்தம் போடுலீன்னா நானு அந்தத் தாளப் படிச்சிட்டு வந்திருப்பனுங்க."

"நானு எங்கீங்க சத்தம் போட்டன்? எம்பட அண்ணன் மக அங்கதான வேல செஞ்சா. கேட்டுப் பாருங்க, அப்பிடி ஒருத்தரும் பேசுலீன்னு சொல்லுவா" என்றாள் அத்தை, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

அவர் சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். மேடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பினாலா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை மருமகளை அழைத்து அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னாள்.

இப்போது நான் ஓய்வு பெற்று ஊர்ப்பக்கம் அடிக்கடி போகிறேன். பாலம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. புதுச்சத்திரம் பக்கம் நாமக்கல் ரோட்டுக்குப் போகிற லாரிக்காரர்கள், டோல்கேட்டைச் சுற்றிக்கொண்டு போக இது தோதான வழி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மூங்கில் கட்டு மாதிரி பைப்பைச் சுமந்துகொண்டு வரிசையாக வருகின்றன. ஊரில் கோழி மேய முடியவில்லை, பிள்ளைகள் ரோட்டில் நிற்க முடியவில்லை. அத்தையின் மகன் மாடுகளை விற்றுவிட்டுப் பாலத்து முனையில் பங்சர் கடை போட்டிருக்கிறான். நன்றாக ஓடுகிறது.

போன மாதம் போனபோது அத்தை அந்தக் கடை வாசலில், லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு ரிக் வண்டி பெரிய ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தில் ஏறியது.

"ஏனுங்க அத்தை, இந்தச் சத்தத்துல எப்பிடி இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதை நான் அப்போதுதான் கவனித்தேன். "என்ன கண்ணு?" என்று கையைக் காதில் வைத்துக் குனிந்தாள். மறுபடி கத்திக் கேட்டேன்.

"எனக்கொண்ணும் கேக்குலியே" என்றாள். "நீ சாப்புட்டியா?"